கண்ணாடிக் குண்டு தேடின கதை

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுத் தம்பிமார் என்னைக் கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "அண்ணை, கடலைப்பற்றி ஏதாவது பேசுங்கோ, ஆனால் போன வருசம் போல ஆக்களை அழவைக்கக் கூடாது" என்றார்கள். போன வருசம் பேசினது நான் இல்லை. இருந்தாலும் நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

மேசையில் இருக்கிற இந்தப் பச்சைக் கண்ணாடிக் குண்டைப் பாருங்கோ. உரித்த சின்னத் தேங்காய் ஒன்றின் அளவு. வாசலில் ஒரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டு "மாமா, இது சாத்திரம் பார்க்கிற குண்டோ?" என்று கேட்டது. இல்லை. இது வலைக்குக் கட்டுகிற மிதப்பு. வலையின் மேற்கயிற்றில் இதுகளைக் கட்டினால் மேற்பக்கம் மிதக்கும், கீழ்ப்பக்கத்தை ஈயம் இழுக்கும், வலை கடலுக்குள் சுவர் மாதிரி நிற்கும். எங்கட ஊரில் இதே வேலையை மிதப்புக் கட்டைகள் செய்தன. பிறகு பிளாஸ்ரிக் வந்தது.

கண்ணாடியில் மிதப்புச் செய்கிற யோசனை பிறந்தது நாங்கள் இப்ப இருக்கிற இந்த நோர்வேயில்தான். 1840 அளவில் பேர்கன் நகரத்து வியாபாரி கிறிஸ்தோபர் ஃபாயே என்பவர் ஹாடலாண்ட் கண்ணாடித் தொழிற்சாலையோடு சேர்ந்து இதைச் செய்வித்தார் என்று சொல்லுவார்கள். லொஃபோட்டன் கடலில் கொட் மீன் பிடிக்கிற வலைகளுக்கு அது பாவிக்கப்பட்டது. வார்டோ, ஹொனிங்ஸ்வோக் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கட ஆக்களுக்கு இது புதினம் இல்லை. பழைய வீட்டு யன்னல்களில் வலைத்துண்டுக்குள் போட்டுத் தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இந்தக் குண்டும் அங்கே என்னோடு மீன் வெட்டின ஒரு நோர்வேக் கிழவர் தந்ததுதான்.

ஜப்பான்காரர் 1910 அளவில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். தொடங்கினபிறகு உலகத்தில் வேறு யாரும் செய்யாத அளவுக்குச் செய்தார்கள். சாக்கே என்கிற அரிசி மதுப் போத்தல்களை உருக்கி, ஊதுகுழலால் வாயால் ஊதி, ஊதின வாயை இன்னொரு கண்ணாடித் துளியால் அடைத்துவிடுவார்கள். பச்சையும் நீலப்பச்சையும் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அந்தப் போத்தல்களின் நிறம்தான். ஐந்து சென்ரிமீற்றரில் இருந்து ஐம்பது சென்ரிமீற்றர் குறுக்களவு வரைக்கும் உண்டு. சிலவற்றின் அடைப்பில் செய்தவரின் முத்திரை எழுத்து இருக்கும். 1970களுக்குள் பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் வந்து இந்தத் தொழிலைப் படுக்கவைத்துவிட்டன. ஹொக்கைடோத் தீவில் ஒட்டாறு என்ற ஊரில் இன்றைக்கும் ஒரு பட்டறையில் ஊதுகிறார்கள், கூடுதலாக அலங்காரத்துக்கு.

வலை அறுந்தால் குண்டு தன்பாட்டில் புறப்பட்டுவிடும். பசிபிக் சமுத்திரத்தின் வடபாதியில் தண்ணீர் ஒரு பெரிய செக்கு மாதிரிச் சுற்றுது. அந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட குண்டு பத்து இருபது வருசம்கூடச் சுற்றும். ஏதோ ஒரு புயல் தள்ளினால் அலாஸ்காவில், வொஷிங்ரனில், ஒரிகனில், ஹவாயில் கரையேறும். அதைப் பொறுக்குகிறதுக்கென்றே அங்கே ஆக்கள் இருக்கினம். ஆமொஸ் வூட் என்ற அமெரிக்கர் 1967 இல் ஜப்பானியக் கண்ணாடிக் குண்டு தேடுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். இப்ப கரைக்கு வருவது குறைந்துபோனதால், ஒரிகனில் லிங்கன் சிற்றி என்ற ஊர்க்காரர் புதுக் குண்டுகளைச் செய்வித்து, ஆக்கள் தேடி எடுக்கட்டும் என்று தாங்களே கடற்கரையில் ஒளித்து வைக்கினம். காசுள்ள ஊர், என்னவும் செய்யலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது நோர்வேயில் இல்லை, டுபாயில். 1979 இல் நான் ஏஜென்சிக்குக் காசு கட்டி, மின்சார வேலைக்கென்று அங்கே போனேன். எங்கட சைற்றில் ஒரு அமெரிக்க எஞ்சினியர் இருந்தார். வொஷிங்ரன் மாநிலத்துக்காரர். அவரிடம் அந்த ஆமொஸ் வூட்டின் புத்தகம் இருந்தது. நான் கடற்கரை ஊரவன் என்று அறிந்ததும் படங்களைக் காட்டி, "வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகிறாய்தானே, இப்படி ஒன்று கண்டால் கொண்டுவா, நூறு திர்ஹாம் தருகிறேன்" என்றார். அப்போது என் மாதச் சம்பளம் தொள்ளாயிரம். ஆகவே நான் அழகை ரசிக்கத் தேடினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெள்ளி லீவுகளில் ஜுமைராக் கரை, சார்ஜாக் கரை, அஜ்மான் கரை எல்லாம் நடந்தேன். இன்றைக்கு ஜுமைராவைப் பார்க்கிற உங்கட பிள்ளைகள் நம்பமாட்டார்கள், அப்போது வெறும் வெண்மணலும் மீன்காரரின் பந்தல்களும்தான். சிப்பி அள்ள அள்ளக் கிடைத்தது. கணவாய் ஓடு, மட்டி, கப்பலில் இருந்து விழுந்த பலகை, காலில் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டிய தார்க்கட்டிகள் எல்லாம் கிடந்தன. கண்ணாடிக் குண்டு மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச வருசம் எடுத்தது. வளைகுடா ஒரு கடல் இல்லை, ஒரு பொக்கற். சராசரி ஆழம் முப்பத்தைந்து மீற்றர் அளவுதான். வாசல் என்று இருப்பது ஹோர்முஸ் நீரிணை ஒன்று. அது ஒடுங்கின இடத்தில் நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவு. வெயில் குடிக்கிற தண்ணீருக்கு ஈடாக வெளிக்கடலில் இருந்து மேல்நீர் உள்ளே வரும். ஆனால் அது ஈரான் கரையைப் பிடித்துக்கொண்டு வடமேற்கே போகும். உப்புக் கூடின பாரமான தண்ணீர் அடியால் வெளியே போகும். வெளிக்கடலில் மிதந்து வருகிற பொருள் ஒன்று வாசலுக்குள் நுழைந்தாலும், டுபாய்ப் பக்கம் திரும்புவது அருமை. டுபாய்க் கரையில் ஒதுங்கின சாமான்களில் அநேகமானவை வளைகுடாவுக்குள்ளேயே விழுந்தவை.

ஜப்பானில் இருந்து அந்தக் கரைக்கு உருண்டையாக ஒன்று வந்தது உண்டு, ஆனால் அது மிதந்து வரவில்லை. மிக்கிமோட்டோ என்பவர் 1893 இல் சிப்பிக்குள் முத்தை வளர்க்கிற வழி கண்டார். 1920களிலும் 30களிலும் அந்த வளர்ப்பு முத்துக்கள் சந்தையை நிறைத்தன, உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது, பஹ்ரேன், குவைத், டுபாய் என்று வளைகுடா முழுக்க முத்துக் குளித்தவர்களின் பிழைப்பு விழுந்துபோனது. மன்னார்ப் பக்கத்து ஆக்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு முத்துக் கதை நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கர்தான் ஒருநாள் வரைபடத்தை விரித்து, "மறுபக்கம் போ" என்றார். மறுபக்கம் என்றால் மலைக்கு அப்பால், புஜைரா, கோர்பக்கான், கல்பா. அது ஓமான் வளைகுடா, வெளிச்சமுத்திரத்துக்கு வாசல் திறந்த கடல். கொம்பனி லொறி மசாபி மலைப்பாதையால் அங்கே சாமான் ஏற்றிப் போகும். சாரதி பேஷாவர்க்காரர், நல்ல மனிசன், வெள்ளிக்கிழமைகளில் என்னை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு போவார்.

புஜைராவில் நான் கண்டது கண்ணாடிக் குண்டு இல்லை, அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று. ஷாஷா என்று ஒரு வள்ளம். பலகை ஒன்றும் கிடையாது. பேரீச்சை மட்டைகளின் நடுநரம்பைக் கயிற்றால் அடுக்கிக் கட்டி, உள்ளுக்குள் மட்டையின் அடிப்பாகத்தை அடைந்து நிரப்பியிருப்பார்கள். பனைமட்டையின் அடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதேபோலத்தான், ஆனால் உள்ளே சோறி போல காற்றுப் பிடிச்ச தக்கை. தண்ணீர் கீழால் தாராளமாக உள்ளே வரும், போகும். மீனவர் நனைந்துகொண்டுதான் இருப்பார். கொஞ்ச மணித்தியாலத்தில் ஊறிப் பாரமாகிவிடும், கரையில் இழுத்துக் காயப்போட வேண்டும். எங்கட கட்டுமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கோ. அந்த மட்டை அடியையே வலைக்கும் மிதப்பாகக் கட்டினார்கள். ஈச்சை இருக்கிற ஊரில் மிதப்புக்கு ஏன் காசு கொடுக்க வேணும்? கர்கூர் என்கிற, கவிழ்த்த கூடை போன்ற மீன் கூடுகளுக்கு அடையாளமாக வெறும் எண்ணெய்க் கான்களைக் கட்டி மிதக்கவிட்டார்கள். அங்கேயும் கண்ணாடிக் குண்டு இல்லை. நூறு திர்ஹாம் அமெரிக்கரின் பொக்கற்றிலேயே கிடந்தது.

பிறகு 1985 இல் கொம்பனி என்னை ஓமானில் சூர் என்ற ஊருக்கு மாற்றியது. சூர் பாய்க்கப்பல் கட்டின பழைய துறைமுகம். அங்கிருந்து ராஸ் அல் ஹத் முனையைத் தாண்டினால் அரபிக்கடல். இனி வளைகுடா இல்லை, நேரே திறந்த சமுத்திரம். ஆமைகள் முட்டையிட ஏறுகிற கரை. சோழகம் அடித்து ஓய்ந்தபிறகு அந்தக் கரையில் நடந்தால் ஒரு கண்காட்சி. ஊர் தெரியாத தேங்காய், மூங்கில், வெவ்வேறு மொழி எழுதின போத்தல், ஒற்றைச் செருப்பு. செருப்பில் இடதும் வலதும் வெவ்வேறு கரைக்குப் போகும் என்று படித்தவர்கள் சொல்லுகினம், காற்று அதுகளின் வளைவை வேறு வேறு பக்கமாகத் தள்ளுமாம். ஊர்ப் பெடியள் அம்பர் தேடித் திரிவார்கள். திமிங்கிலத்தின் வயிற்றில் உண்டாகி மிதந்து வருகிற வாசனைக் கட்டி. எங்கட பழைய நூல்களில் அதற்கு ஓர்க்கோலை என்று பெயர். முத்து, பவளம், சங்கு, உப்பு இவற்றோடு சேர்த்துக் கடல்படு திரவியம் ஐந்தில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்த நேரத்தில் நான் தேடினது கண்ணாடிக் குண்டும் இல்லை, அம்பரும் இல்லை. இதை இப்பதான் வெளியில் சொல்லுகிறேன்.

1984 இல் எங்கட வடக்குக் கடலில் மீன்பிடித் தடைகள் வந்தன. அப்பா அப்போது வடமராட்சி கிழக்கில் தொழில் செய்துகொண்டிருந்தார். மார்கழியில் ஒரு பின்னேரம் விட்ட வலையை மறுநாள் எடுக்கப் போக முடியவில்லை. பிறகு போனபோது வலை இல்லை. கடனுக்கு வாங்கின புது நைலோன் வலை. அதன் பிளாஸ்ரிக் மிதப்புகளில் எங்கட வீட்டுக் குறி இருந்தது. பழுக்கக் காய்ச்சின கம்பியால் அப்பா தானே சுட்டது, சரிவாக இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியும். நானும் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து ஊதிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் செய்தி கடிதத்தில் எனக்கு வந்துசேர ஆறு கிழமை எடுத்தது. சூர் பக்கம் போனதில் இருந்து நான் கரையில் கண்ட ஒவ்வொரு மிதப்பையும் புரட்டிப் பார்த்தேன்.

பைத்தியக்கார வேலை என்று நினைப்பீர்கள். முழுக்க அப்படியும் இல்லை. மற்றச் சமுத்திரங்களில் நீர் ஒரே பக்கம் சுற்றும். எங்கட சமுத்திரத்தின் வடபாதி மட்டும் காற்றோடு சேர்ந்து வருசத்துக்கு இரண்டு தரம் திசை மாறும். வாடை அடிக்கிற மாதங்களில் வங்காள விரிகுடாத் தண்ணீர் இலங்கையின் கிழக்குக் கரையால் தெற்கே இறங்கி, தெவிநுவரைக்குக் கீழால் திரும்பி மேற்கே அரபிக்கடலுக்குப் போகும். சோழகத்தில் அப்படியே மாறி மேற்கிலிருந்து கிழக்கே. இந்தக் காற்றுகளைப் பிடித்துத்தான் அரபுக்காரர் எங்கட பக்கம் வந்து போனார்கள். மொன்சூன் என்ற ஆங்கிலச் சொல்லே பருவகாலம் என்கிற அவர்களின் மவ்சிம்தான். மார்கழியில் வடமராட்சியில் அவிழ்ந்த மிதப்பு ஒன்று ஓமானுக்கு வருவதற்குப் பாதை இருக்கிறது. வரும் என்று இல்லை, பாதை இருக்கிறது.

அல் அஷ்காரா என்ற மீன்பிடி ஊரில் ஒரு கிழவர் இருந்தார். எனக்குத் தெரிந்த அரபு சைற் அரபு, "கொண்டுவா, கொண்டுபோ" அளவுதான். நான் மிதப்புகளைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு, என்னைத் தன் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் ஒரு குவியல். கரையில் ஒதுங்கின மிதப்புகள். குறி இல்லாததைத் தன் வலைக்குக் கட்டிவிடுவாராம். குறி உள்ளதைத் தொடமாட்டாராம். உரியவன் கேட்டு வந்தால்? அதுதான் அவர் சொன்ன காரணம். வேறு தேசத்து எழுத்தும் பார்த்தேன், ஆணியால் கீறின நட்சத்திரம், மீன், நங்கூரம் எல்லாம் பார்த்தேன். அந்தக் குவியலுக்குப் பின்னால், பழைய வலைத்துண்டில் சுற்றி, ஒரு தலைப்பாகை அளவில், பச்சையாக, கண்ணாடிக் குண்டு!

ஏழு வருசம் தேடினது. அடைப்பில் ஜப்பானிய எழுத்து மாதிரி ஒரு முத்திரை. உள்ளே ஒரு சிரட்டை அளவு தண்ணீர் ஆடியது. ஓட்டை ஒன்றும் இல்லை. ஆழத்துக்கு இழுபட்டுப் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பால் அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும், பிறகு வெளியே வர வழி இல்லை. பசிபிக்கில் இருந்து அது வந்திருக்கத் தேவையில்லை. 1952 முதல் ஜப்பானின் சூரை பிடிக்கிற கப்பல்கள் நீளத் தூண்டில் கயிறுகளோடு இந்து சமுத்திரத்துக்கு வந்தன. அந்தக் கயிறுகளுக்கும் இப்படிப் பெரிய குண்டுகளைத்தான் கட்டினார்கள். அப்படியொரு கயிற்றில் இருந்து அறுந்ததாக இருக்க வேண்டும்.

விலை கேட்டேன். அமெரிக்கர் அப்போது ஊருக்குப் போய்விட்டார், எனக்கே ஆசை. கிழவர் முத்திரையைத் தடவிக் காட்டி, "இதிலும் குறி இருக்குதே" என்றார். ஜப்பான்காரன் கேட்டு வருவான் என்று அவர் உண்மையாகவே நினைத்தாரோ, அல்லது விற்க மனமில்லாமல் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பேப்பர் எடுத்து, எங்கட வீட்டுக் குறியைக் கீறித் தரச் சொன்னார். கீறிக் கொடுத்தேன். அதைச் சுவரில் ஆணியில் குத்தினார். பக்கத்தில் அப்படி இன்னும் நாலைந்து பேப்பர்.

இதையெல்லாம் அப்பாவுக்கு நீளமாக எழுதினேன். பதிலில் அவர் மிதப்பைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அந்த மனிசன் என்ன வலை பாவிக்கிறார், கண் எத்தனை அங்குலம், அங்கே அறுக்குளா என்ன விலை போகுது என்று மூன்று கேள்வி. நான் பதில் விசாரித்து எழுதினேன். 1988 இல் நான் இங்கே வந்தேன். அப்பா 1993 இல் ஊரிலேயே காலமானார். மிதப்பு ஒன்றும் வரவில்லை.

இந்தக் கதை இப்ப எனக்கு அடிக்கடி நினைவு வருவதற்குக் காரணம் இருக்கு. 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தின் சிறகுத்துண்டு ஒன்று பதினாறு மாதம் மிதந்து, 2015 யூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கியது. கரை துப்பரவாக்கிக்கொண்டிருந்த ஆக்கள்தான் கண்டெடுத்தார்கள். பிறகு 2022 மார்கழியில், மியன்மாரின் ரோஹிங்யா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், வெற்றிலைக்கேணிக்கு நேரே கடலில் தத்தளித்துக்கொண்டிருந்த படகில் இருந்து மீட்கப்பட்டு காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2024 மார்கழியில் இன்னொரு படகு, அதிலும் நூறு பேருக்கு மேல், குழந்தைகளும் கர்ப்பிணித் தாய்மாரும். அது வந்து நின்றது முள்ளிவாய்க்கால் கடலில். எந்தக் கரை என்று நான் விளக்கத் தேவையில்லை. ஊர் ஆக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள்.

வாடைக் காலத்தில் வங்கக்கடலில் இயந்திரம் நின்ற படகு எங்கட கரைப்பக்கம் இழுபடும் என்று அந்த அல் அஷ்காராக் கிழவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அவர்களிடம் குறி சுட்ட மிதப்பு இல்லை, பலருக்கு எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முல்லைத்தீவில் ஆக்கள் றோட்டில் இறங்கினார்கள். நாங்கள் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருந்துகொண்டு இதைப் பேப்பரில் படித்தோம். அவர்களுக்காகச் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் நிர்வாகக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறேன். தலைவர் சிரிக்கிறார். சிரித்தால் போதாது, தலைவரே, குறிப்பில் எழுதவும்.

தம்பி நேரம் காட்டுகிறார். பிள்ளைகளுக்கு ஒரு விசயம். இந்தக் குண்டைத் தேநீர் இடைவேளையில் தொட்டுப் பார்க்கலாம், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். கடைகளில் விற்கிற புதுக் குண்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கோ. பழசில் கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் குமிழ் இருக்கும், வலைக்கயிறு உராய்ந்த தடம் இருக்கும், அடைப்பு ஒரு பொத்தான் மாதிரித் தடிப்பாக இருக்கும். கோடை லீவில் வடக்கே போகிறவர்கள் ஃபின்மார்க் கரையில் நடந்து பாருங்கோ, கரிபியன் காட்டு விதைகள்கூட நீரோட்டத்தில் நோர்வேக்கு வந்து ஒதுங்குவது உண்டு. அப்படி மிதப்பு ஏதும் கண்டால், சரிவாக இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியும் இருக்குதோ என்று ஒருக்கால் புரட்டிப் பாருங்கோ. வேறு குறி இருந்தால் அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, நானும் சுவரில் குத்தி வைக்கிறேன்.